கான்டெஸாவுக்குள் இருந்தது எந்த இன்ஜின்? கடலூர்ப் பட்டறையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-இல் கான்டெஸாவை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதன் உடல் இங்கிலாந்தின் வாக்ஸால் விஎக்ஸ் காரிலிருந்து வந்தது. இன்ஜின் மட்டும் அம்பாசிடரில் ஓடிக்கொண்டிருந்த அதே 1489 சி.சி. பெட்ரோல். நீண்ட பானெட், அகன்ற இடுப்பு, பின்சக்கர இழுவை என்று எல்லாம் இருந்தும் அந்த உடம்புக்கேற்ற பலம் இல்லை. இசுசுவின் 1817 சி.சி. பெட்ரோல் இன்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் வந்த பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது. இசுசுவின் 1995 சி.சி. டீசல் இன்ஜினோடும் வண்டி வந்தது. 2002-இல் தயாரிப்பு நின்றுவிட்டது. இன்றும் "நம்ம ஊரு மசில் கார்" என்று தேடிப்பிடித்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி வாங்கும்போது பளபளக்கும் பெயிண்டைப் பார்க்கும் கண், பானெட்டுக்குக் கீழே இருப்பதைப் பார்ப்பதில்லை.

இங்கே பதிவு செய்வது அப்படி வாங்கப்பட்ட ஒரு டீசல் கான்டெஸாவின் கதை. வாங்கியவர் கடலூர் சிப்காட் பகுதியில் வேலை பார்க்கும் முப்பது வயதுக்காரர். விற்றவர் புதுச்சேரி முதலியார்பேட்டையில் வசிப்பவர். அவருக்கும் முன்னால் இரண்டு உரிமையாளர்கள். வண்டி பிஒய் 01 பதிவு. ஆர்.சி.யில் எரிபொருள் டீசல், கொள்ளளவு 1995 சி.சி. என்று இருந்தது. முழுப்பணம் கொடுத்து வண்டியை எடுத்து வந்தாயிற்று. பெயர் மாற்றமும், புதுச்சேரியிலிருந்து தமிழ்நாட்டுக்கு மாற்றத் தேவையான தடையில்லாச் சான்றும் பாக்கி. அந்த இடைவெளியில்தான் வண்டி படுத்தது.

எங்கள் பட்டறை ஹெட் ஃபேஸிங் (சிலிண்டர்களை மூடும் மேல்பாகத்தைச் சமப்படுத்துவது), போரிங் (சிலிண்டரைக் கடைவது), கிராங்க் கிரைண்டிங் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டைத் தேய்த்துச் சீராக்குவது) செய்யும் இடம். மெக்கானிக்குகள் கழற்றிக் கொண்டுவருவதைச் சரிசெய்து கொடுப்போம். முழு வண்டி எங்களிடம் வருவது அபூர்வம். இந்த முறை வந்தது.

வண்டி நின்றதும் முதல் அறிகுறிகளும்

புதுச்சேரியிலிருந்து கடலூர் வரும் சாலையில் கிருமாம்பாக்கம் தாண்டியதும் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. வாங்கியவர் சொன்ன ஒரு விவரம் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது: கடைசி நிமிடம் வரை டெம்பரேச்சர் முள் நடுவிலேயே இருந்தது, ஏறவே இல்லை. தண்ணீர் இறங்கிப்போய் சென்சார் வெறும் ஆவிக்குள் நின்றால் முள் ஏறாது, அது நடப்பதுதான். ஆனால் இந்த வண்டியில் சென்சார் இருந்த இடமே விசித்திரமாக இருந்தது. தண்ணீர் சுழலும் பாதையில் இல்லாமல், மூடிய ஒரு மூலையில், கடைந்தெடுத்த பித்தளை நட்டு ஒன்றுக்குள் திருகப்பட்டிருந்தது. சென்சாரின் மரையும் ஹெட்டின் மரையும் வேறு வேறு. இரண்டையும் சேர்க்க யாரோ லேத்தில் ஒரு இணைப்பு செய்திருக்கிறார்கள். கம்பெனியில் பூட்டி வந்த இன்ஜினுக்கு இப்படி ஒரு நட்டு தேவைப்படாது.

வண்டியை முதலில் பார்த்த மெக்கானிக், ஹெட்டுக்கு அடியில் கசிவை அடைக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் என்று முடிவுகட்டி, ஆர்.சி.யில் உள்ளபடி இசுசு டீசலுக்கான கேஸ்கெட் செட் வாங்கிவரச் சொன்னார். டேப்பெட் கவரின் மேல் "இசுசு" என்று ஸ்டிக்கரும் இருந்தது. கவரைத் திறந்ததும் அவர் கை நின்றுவிட்டது. இதே இசுசு இன்ஜின் போட்ட அம்பாசிடர் டீசலைப் பல வருடம் பார்த்த கை அது. அங்கே அவர் எதிர்பார்த்த ராக்கர் ஆர்ம் (வால்வை அழுத்தும் நெம்புகோல்) இல்லை. வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் நேராகக் கிண்ணம் போன்ற டேப்பெட்டுகளை அழுத்திக்கொண்டிருந்தது. கிண்ணத்தின் தலையில் ஷிம் தகடு.

"தம்பி, இது இசுசு இல்லப்பா" என்றார்.

"ஆர்.சி.ல டீசல்னுதானே அண்ணே இருக்கு?"

"டீசல்தான். யாரோட டீசல்னுதான் தெரியல."

அந்த நிலையில் மேலே எதையும் கழற்றாமல் வண்டியை டோ செய்து எங்களிடம் கொண்டுவரச் சொன்னோம். தெரியாத இன்ஜினைக் கழற்றும்போது, கழற்றுவதற்கு முன்னால் உள்ள நிலைதான் பெரிய சாட்சி. எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த போல்ட் எந்த நீளம், எங்கே வெல்டிங் வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் ஒருமுறை பிரித்துப் போட்டுவிட்டால் திரும்பக் கிடைக்காது. நாலாபக்கமும் போட்டோ எடுத்த பிறகே ஸ்பேனரைக் கையில் எடுத்தோம்.

வெளியிலிருந்து பார்த்தவை

இன்ஜினுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் (கியர் பெட்டியை இன்ஜினோடு சேர்க்கும் கூடு) நடுவே கையால் வெட்டிய இரும்புத் தகடு ஒன்று இருந்தது. அடாப்டர் பிளேட். கியர் பெட்டி கான்டெஸாவின் சொந்தப் பெட்டியேதான். சொந்தப் பெட்டிக்கும் சொந்த இன்ஜினுக்கும் இடையே தகடு எதற்கு? இந்த ஒரு தகடே, உள்ளே இருப்பது இசுசு குடும்பம் இல்லை என்று பாதிக்கு மேல் சொல்லிவிட்டது. பழைய கார் வாங்குகிறவர் ஒரே ஒரு இடத்தில்தான் டார்ச் அடித்துப் பார்க்க முடியும் என்றால், இந்த இடத்தில் அடிக்கட்டும்.

டீசல் பம்ப் ரோட்டரி வகை. அதன் தகட்டில் நிப்பான் டென்சோ. ஜப்பானிய இசுசு டீசல்களில் பெரும்பாலும் டீசல் கிகி என்ற கம்பெனியின் பம்பைப் பார்க்கலாம். டென்சோ என்றதும் டொயோட்டா பக்கம் மனம் போகும். ஆனாலும் பம்ப் என்பது போல்ட்டில் நிற்கும் பொருள். அதை மாற்றிப் பூட்ட முடியும். ஸ்டிக்கர், டேப்பெட் கவர், ஏர் கிளீனர், ஆல்டர்னேட்டர், பம்ப் எதுவுமே ஒரு இன்ஜினின் பெயரைச் சொல்லிவிடாது. சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவுதான். நான்கு சிலிண்டர், டைமிங் பெல்ட், மேலே ஒற்றைக் கேம்ஷாஃப்ட், ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2 என்பவையும் அப்படித்தான். அந்தக் காலத்து ஜப்பானிய டீசல்கள் பலவற்றுக்கும் இவை பொது.

பெயரைச் சொல்ல வேண்டியது, சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பாகமான பிளாக். பிளாக்கில் எண் பொறித்திருக்க வேண்டிய பட்டை நாங்கள் தேடிய இடத்தில் கண்ணுக்குப் படவில்லை. இன்ஜின் மவுண்டிங்குக்காகத் தடித்த இரும்புப் பட்டையில் ஒரு பிராக்கெட் செய்து, பிளாக்கின் இடது பக்கத்தையே மூடியிருந்தார்கள். அதன்மேல் கறுப்பு பெயிண்ட், அதன்மேல் வருடக்கணக்கான எண்ணெய்ச் சேறு.

பிராக்கெட்டை அவிழ்க்க இன்ஜினைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஹெட்டை எப்படியும் இறக்கத்தான் போகிறோம். எனவே முதலில் ஹெட், அளவு, அதன் பிறகே பிராக்கெட் என்று வரிசை வைத்துக்கொண்டோம். இந்த வரிசைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. எண்ணை முதலில் பார்த்துவிட்டால், அளக்கும் கண் அந்த எண்ணுக்கு ஏற்ற அளவையே தேடும். இரண்டு சாட்சிகளும் ஒன்றையொன்று பார்க்காமல் பேசட்டும் என்று நினைத்தோம்.

ஹெட் இறங்கிய பிறகு: அளவு சொன்னது

வாங்கிவந்த கேஸ்கெட்டை பிளாக்கின் மேல் வைத்துப் பார்த்தோம். போல்ட் ஓட்டைகள் ஒத்துவரவில்லை. சிலிண்டர் வாய் கேஸ்கெட்டின் வளையத்தைவிடப் பெரிதாக இருந்தது. இசுசு இல்லை என்பது அதோடு முடிந்தது. எது என்பதுதான் கேள்வி.

சென்னை புதுப்பேட்டை வழியாகப் பழைய கார்களுக்குள் வந்து சேர்ந்த "ஜப்பான் இன்ஜின்" என்ற பொதுப்பெயருக்குள் பல கம்பெனிகள் அடக்கம். இரண்டு லிட்டரை ஒட்டிய டீசல் என்று எடுத்தால், நாங்கள் பட்டியலிட்டவை இவை. இசுசு 4எஃப்சி1: போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 84 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம்) 90, கொள்ளளவு 1995. டொயோட்டா 2சி: 86-க்கு 85, 1974. நிசான் எல்டி20: 85-க்கு 86, 1952. மாஸ்டா ஆர்எஃப்: 86-க்கு 86, 1998. நம் ஊரிலேயே லான்சர் காரில் வந்த மிட்சுபிஷி 4டி68: 82.7-க்கு 93, 1998. இசுசுவுக்கும் டொயோட்டாவுக்கும் கொள்ளளவில் 21 சி.சி.தான் வித்தியாசம். ஓட்டிப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. போரும் ஸ்ட்ரோக்கும் மட்டும் ஒவ்வொன்றிலும் தனி ஜோடி.

இந்த ஜோடியில் எதை அதிகம் நம்புவது என்பதில் தெளிவு வேண்டும். போர் மாறக்கூடியது. தேய்ந்த சிலிண்டரை 0.50, 1.00 என்று ஓவர்சைஸ் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவதே எங்கள் தொழில். ஒரு மில்லிமீட்டர் கடைந்த இசுசு 85 ஆகிவிடும். அப்போது போரை மட்டும் பார்த்தால் நிசான் என்று தோன்றும். ஒரு மில்லிமீட்டர் கடைந்த நிசான் 86 ஆகும். டொயோட்டா என்று தோன்றும். ஸ்ட்ரோக் அப்படி இல்லை. அது கிராங்கிலேயே தீர்மானமான நீளம். கிராங்க் ஜர்னலை எத்தனை முறை கிரைண்ட் செய்தாலும் வழக்கமான வேலையில் ஸ்ட்ரோக் நகராது. அதனால் பெயர் தெரியாத இன்ஜினில் ஸ்ட்ரோக்கை முதலில் அளக்க வேண்டும், போரை அதற்குத் துணையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

பெட்ரோல் இன்ஜின் என்றால் ஹெட்டைக் கழற்றாமலே ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாகக் கம்பி விட்டு ஸ்ட்ரோக்கைத் தோராயமாகப் பார்க்கலாம். பிளக் சாய்வாக இருந்தால் கம்பியும் சாய்ந்து, அளவு நிஜத்தைவிடக் கூடுதலாக வரும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இந்த வகை டீசலில் அதுவும் முடியாது. இன்ஜெக்டரும் ஹீட்டர் பிளக்கும் ஹெட்டுக்குள் இருக்கும் முன்னறைக்குள் திறக்கின்றன, சிலிண்டருக்குள் நேராக இல்லை. ஹெட் இறங்கித்தான் ஆக வேண்டும்.

அளந்த முறை இது. டயல் கேஜ் வைத்து பிஸ்டனின் மேல் எல்லையைப் பிடித்தோம். பிளாக் முகத்துக்கு மேலே பிஸ்டன் 0.7 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தது, டீசலில் இது இயல்பு. பிறகு கிராங்கைச் சுற்றிக் கீழ் எல்லைக்குக் கொண்டுபோய் டெப்த் கேஜால் ஆழம் பார்த்தோம்: 84.3. இரண்டையும் கூட்டினால் 85.0. பிஸ்டன் தன் பின்னின் குறுக்குவாட்டில் லேசாக ஆடும். ஆகவே பின் ஓடும் திசையிலேயே கேஜை வைத்து, நான்கு சிலிண்டரிலும் பார்த்தோம். நான்கும் ஒரே பதில்.

போர், பிஸ்டன் ரிங் உரசாத அடிப்பகுதியில் 86.01. பிஸ்டன் தலையில் ஓவர்சைஸ் எண் எதுவும் இல்லை. 86-க்கு 85. கணக்குப் போட்டால் 1975 சி.சி.க்கு ஒரு மயிரிழை குறைவு. டொயோட்டா இதை 1974 என்று குறிக்கும். மாஸ்டாவின் போரும் 86தான், ஆனால் ஸ்ட்ரோக் ஒரு மில்லிமீட்டர் கூட. அந்த ஒரு மில்லிமீட்டரை வெறும் ஸ்கேலால் அளந்திருந்தால் தவறவிட்டிருப்போம். டொயோட்டாவின் தம்பி இன்ஜினான 1சி-யின் ஸ்ட்ரோக்கும் 85தான். அதன் போர் 83. மூன்று மில்லிமீட்டர் கடைந்து ஓட்ட முடியாது என்பதால் அதையும் ஒதுக்கினோம்.

அமெரிக்க மசில் கார்களிலும் இதே சிக்கல் உண்டு. ஷெவ்ரோலே ஸ்மால் பிளாக் வி8-இல் கன இன்ச் கொள்ளளவால் பெயர் பெற்ற 302, 327, 350 மூன்றுக்கும் போர் ஒன்றே: 4 இன்ச். வெளியே பார்த்தால் மூன்றும் அண்ணன் தம்பி முகம். பிளாக்கின் பின்பக்கம் வார்ப்பிலேயே வரும் எண்கூட சில சமயம் மூன்றுக்கும் பொதுவாக இருக்கும். பிரித்துச் சொல்வது ஸ்ட்ரோக்: 3.00, 3.25, 3.48 இன்ச். முன்பக்கப் பட்டையில் பொறித்த எழுத்துகளைத் தேய்த்துவிட்டு வேறு பொறிப்பவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். பட்டையைத் தேய்க்கலாம், கிராங்கின் நீளத்தை யாரும் தேய்த்து மாற்ற முடியாது.

பிராக்கெட்டுக்குப் பின்னால்

இன்ஜினை செயின் பிளாக்கில் தாங்கி, வெல்டிங் பிராக்கெட்டை அவிழ்த்து, டீசல் ஊற்றித் துடைத்தோம். எண் பொறித்த பட்டை முழுசாக இருந்தது. தேய்த்த தடம் இல்லை. 2சி என்ற எழுத்தும், ஒரு கோடும், தொடர்ந்து எண்ணும். அளவு சொன்னதையே எண்ணும் சொன்னது. பென்சில் பிரிண்ட் (எண்ணின்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் பதிவு) எடுத்து ஆர்.சி. எண்ணோடு ஒப்பிட்டோம், ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லை.

யாரும் வேண்டுமென்று மறைத்ததாக எங்களுக்குத் தோன்றவில்லை. மவுண்டிங் செய்தவருக்கு வசதியான இடம் அதுவாக இருந்திருக்கிறது. விற்றவருக்குப் போன் செய்தபோது, தான் வாங்கியபோதே இப்படித்தான் இருந்தது என்றார். அவர் முந்தைய உரிமையாளரைக் கேட்டுச் சொன்னது: பழைய இன்ஜின் தேய்ந்துபோய், சென்னையில் ஒரு ஜப்பான் இன்ஜின் வாங்கிப் போட்டார்கள், பில் இல்லை.

எடுத்த முடிவும் காரணமும்

வாங்கியவர் முன் இருந்தவை மூன்று வழிகள். வண்டியைத் திருப்பிக் கொடுப்பது. 2சி-யையே சரிசெய்து ஓட்டுவது. இசுசு இன்ஜினையே மீண்டும் பூட்டுவது.

இன்ஜினாகப் பார்த்தால் 2சி மோசமில்லை. பார்ட்ஸ் கிடைக்கும், நீண்ட காலம் உழைக்கும். ஆனால் அதன் ஹெட் சூடு தாங்காமல் வெடிப்பு விடும் என்பது டீசல் வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்த பலவீனம். இந்த ஹெட்டைப் பிரஷர் டெஸ்ட் செய்ததில் ஒரு சிலிண்டரில் வால்வுகளுக்கு நடுவே வெடிப்பு தெரிந்தது. வேறு ஹெட் தேட வேண்டும். புது கேஸ்கெட்டும் பிஸ்டன் நீட்டலைப் பார்த்துத் தடிமன் தேர்ந்து போட வேண்டிய வகை.

காகிதம் இன்னும் பெரிய தடை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. இங்கே இன்ஜின் வேறு கம்பெனி, எண் வேறு, வாங்கியதற்கு பில் இல்லை. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கேள்வி கேட்கும். தவிர, எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாத இன்ஜினைத் தன் பெயரில் வைத்திருப்பது வாங்கியவருக்கு நல்லதல்ல. இதை அவரிடம் ஒளிக்காமல் சொன்னோம்.

"ரிட்டர்ன் பண்ணிடலாமான்னு தோணுது அண்ணே. ஆனா மனசு வரல" என்றார் அவர்.

மூன்றாவது வழிக்குச் சாதகமாக இரண்டு விஷயங்கள் இருந்தன. கியர் பெட்டி சொந்தப் பெட்டி என்பதால், தகட்டை எடுத்துவிட்டால் இசுசு நேராகப் பொருந்தும். 2சி-யைப் பூட்டியவர் பழைய மவுண்டிங் இடங்களை வெட்டாமல் விட்டிருந்தார். இத்தனை ஒட்டுவேலைக்கு நடுவிலும் அந்த மனிதர் அதைச் செய்திருந்தது எங்களுக்கு நிறைவாக இருந்தது. விற்றவரும் நியாயமானவர், இன்ஜின் செலவில் பாதியை ஏற்றுக்கொண்டார்.

இசுசு இன்ஜின், பதிவு ரத்தான ஒரு அம்பாசிடரிலிருந்து கிடைத்தது. பில், ரத்துச் சான்றின் நகல், எண்ணின் பென்சில் பிரிண்ட் மூன்றும் கையில் வந்த பிறகே பணம் கொடுக்கச் சொன்னோம். இன்ஜின் அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டியான ஆயில் சம்ப் காருக்குக் கார் மாறக்கூடும் என்பதால், அதற்குக் கீழே ஓடும் வண்டியின் குறுக்குத் தண்டுக்கு இடைவெளி போதுமா என்று முன்பே அளந்துகொண்டோம்.

இன்னொரு முடிவு, யார் விண்ணப்பிப்பது என்பது. வாங்கியவர் ஆர்வத்தில் தானே அலைய நினைத்தார். ஆனால் ஆர்.சி.யில் பெயர் இருப்பது விற்றவருக்கு. இன்ஜின் மாற்ற அனுமதி அவர் பெயரில், புதுச்சேரியில், தடையில்லாச் சான்று கேட்பதற்கு முன்னால் முடிய வேண்டும் என்று சொன்னோம். முரண்பட்ட எண்ணோடு சான்று வாங்கிக் கடலூருக்கு வந்துவிட்டால், இரண்டு அலுவலகங்களுக்கு இடையே வண்டி மாட்டிக்கொள்ளும்.

பின் நடந்தது

வந்த இசுசுவையும் அளக்காமல் விடவில்லை. ஸ்ட்ரோக் 90. போர் 84.5; பிஸ்டனிலும் 0.50 முத்திரை. ஒருமுறை கடைந்த இன்ஜின், கணக்கு சரி. ரிங், பேரிங், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் புதிதாகப் போட்டோம். பெல்ட் அறுந்தால் இந்த டீசல்களில் வால்வு பிஸ்டனில் இடிக்கும். வரலாறு தெரியாத இன்ஜினில் பழைய பெல்ட்டோடு ஒரு நாளும் ஓட்டக்கூடாது. டெம்பரேச்சர் சென்சார் அதன் இடத்துக்குப் போனது. பித்தளை நட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அனுமதி கிடைக்கச் சில மாதங்கள் ஆயின. அதுவரை வண்டி சாலைக்குப் போகவில்லை. ஆய்வில் அதிகாரி பென்சில் பிரிண்டையும் பில்லையும் ஒப்பிட்டு, புதிய எண்ணை ஆர்.சி.யில் ஏற்றினார். பின்னர் தடையில்லாச் சான்று, அதன்பின் கடலூரில் டிஎன் 31 பதிவு. கிருமாம்பாக்கம் வழியாகவே பலமுறை போய்வந்துவிட்டார், தண்ணீர் குறையவில்லை. ஒரே குறை, பிக்கப் முன்புபோல் இல்லை என்கிறார். அது உண்மைதான், டொயோட்டா இசுசுவைவிட வலுவான இன்ஜின்.

நடைமுறையில் மாற்றியவை

பெயர் உறுதியாகத் தெரியாத எந்த இன்ஜின் வந்தாலும் ஜாப் கார்டில் முதல் வரி ஸ்ட்ரோக், இரண்டாவது வரி போர், மூன்றாவது பிளாக் எண்ணின் பென்சில் பிரிண்ட் என்று எழுதத் தொடங்கியிருக்கிறோம். வாடிக்கையாளர் சொல்லும் பெயர் அதற்குக் கீழே, "சொன்னது" என்ற தலைப்பில். இந்த மூன்றும் ஒத்துவரும் வரை கேஸ்கெட் செட் வாங்கச் சொல்வதில்லை.

பழைய கான்டெஸாவோ அம்பாசிடரோ வாங்கப் போகிறவர் முன்கூட்டிக் கேட்டால், மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு போய் மூன்று இடம் பார்க்கச் சொல்கிறோம்: பெல் ஹவுசிங் இணைப்பில் கூடுதல் தகடு, மவுண்டிங்கில் கைவேலை வெல்டிங், ஆர்.சி.யோடு ஒப்பிட பிளாக் எண். எண் மறைந்திருந்தால், அதை வெளிக்கொண்டுவருவது விற்பவரின் பொறுப்பு என்று பேசிவிட்டு, அது தெரியும் வரை முன்பணத்தோடு நிற்பது நல்லது.

2சி-யை விற்க வேண்டாம் என்று வாங்கியவரிடம் கேட்டுக்கொண்டோம். பில் இல்லாத இன்ஜினை இன்னொரு காருக்குள் அனுப்பினால் இதே வேலையை வேறொரு பட்டறை மறுபடி செய்ய வேண்டியிருக்கும். ஒப்புக்கொண்டார். கிராங்கும் பிஸ்டனும் இப்போது எங்கள் பட்டறையில், புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு ஸ்ட்ரோக் அளக்கக் கற்றுக்கொடுக்கப் பயன்படுகின்றன.